பட்டாளத்தோடு நடந்தவர்கள்

1806 ஜூலை 10 அதிகாலையில் வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்தபோது கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட் சுடப்பட்டு இறந்தார். அவருடைய மனைவி அமீலியா குழந்தைகளோடு ஒளிந்திருந்து உயிர் தப்பினார். அந்த இரவில் கேட்ட சத்தங்களையும், கணவரைக் கடைசியாகப் பார்த்த கணத்தையும், பிள்ளைகளைக் காப்பாற்றப் பட்ட பாட்டையும் அவர் பின்னாளில் எழுதிவைத்தார். அது அச்சேறியது, இன்றும் வேலூர் எழுச்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் அதைத் தேடிப் படிக்கிறார்கள். ஆனால் அன்றிரவு கோட்டை மதிலுக்கு வெளியேயும் பட்டாளத்து மனைவியர் இருந்தார்கள். சிப்பாய்கள் வழக்கமாகத் தங்கியது பேட்டையில், தங்கள் குடிசைகளில், பெண்டு பிள்ளைகளோடு. மறுநாள் காலை அணிவகுப்பு என்பதால்தான் அந்த ஓரிரவு அவர்கள் கோட்டைக்குள் படுத்தார்கள். பொழுது விடிந்து ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் தளபதி கில்லஸ்பியின் குதிரைப்படை வந்து சேர்ந்ததும் உள்ளே நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டார்கள். சிப்பாய்கள் எத்தனை பேர் மாண்டார்கள் என்பதில் நூலுக்கு நூல் கணக்கு வேறுபடுகிறது, ஆனாலும் ஏதோ ஒரு கணக்கு இருக்கிறது. அன்று பேட்டையில் தாலி இழந்தவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வியை அந்த நூல்கள் எழுப்புவதில்லை.

ஒரு பட்டாளத்துக்காரரின் மனைவியை, அவர் பிள்ளைகளுக்குத் தாயாக இருந்தவளை, நினைவுகூர்வது என்றால் என்ன என்பதை இந்த இடத்திலிருந்து யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அமீலியா ஃபேன்கோர்ட்டின் துயரம் உண்மையானது. அதைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. எழுதத் தெரிந்ததாலும், எழுதியதை அச்சிட ஆள் இருந்ததாலும் அவர் நமக்குக் கிடைத்தார். பேட்டைப் பெண்களை அப்படிக் கண்டடைய முடியாது. அவர்களைத் தேட வேண்டிய இடம் சம்பளக் கணக்கு, அணிவகுப்பு ஆணை, படி பற்றிய சச்சரவு, ஓய்வூதியப் பதிவு ஆகியவை. இவற்றைச் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது: கிழக்கிந்தியக் கம்பெனியின், அதாவது கும்பினியின், சென்னைப் படை என்பது வெறும் ஆண்களின் படையாக ஒருநாளும் இருந்ததில்லை. அது குடும்பங்களின் படை. குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவள் இல்லாமல் அந்தப் படையை நூறாண்டுக்கு மேல் கும்பினி நடத்தியிருக்க முடியாது.

மேஜர் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் காலத்தில், 1758 வாக்கில், அதுவரை சிதறிக் கிடந்த சிப்பாய்க் கூட்டங்கள் பட்டாலியன்களாக அமைக்கப்பட்டன. இந்த மண்ணின் முதல் பெரிய சிப்பாய்த் தலைவன் யூசுப் கான், நம் மக்கள் மருதநாயகம் என்று சொல்கிறவர். அவர் மனைவியைப் பற்றி நமக்குக் கிடைப்பது மாசா என்று யூசுப் கானைப் பற்றிய கதைப்பாடல் வழங்கும் ஒரு பெயரும், பரங்கியர் வழிக் கிறித்தவப் பெண் என்ற குறிப்பும், கையில் ஓர் ஆண் குழந்தை இருந்தது என்ற செய்தியும்தான். 1764 அக்டோபரில் மதுரையில் யூசுப் கானைத் தூக்கிலிட்ட பிறகு அந்தத் தாயும் பிள்ளையும் என்ன ஆனார்கள் என்பதைப் பற்றி உறுதியாகச் சொல்ல ஏதுமில்லை. படைத்தலைவனின் மனைவிக்கே இதுதான் என்றால் மாதம் ஏழு ரூபாய் வாங்கிய சிப்பாயின் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சென்னைப் படைக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. வங்காளப் படையின் சிப்பாய் பெரும்பாலும் அவத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவன். மனைவி மக்களை ஊரில், கூட்டுக் குடும்பத்தில் விட்டுவிட்டு வருவான். விடுப்புக் கிடைக்கும்போது ஊருக்குப் போவான். சென்னைச் சிப்பாய் அப்படியில்லை. அவனுடைய வீடு பட்டாளத்தின் குடியிருப்பான லைனில்தான் இருந்தது. பட்டாளம் எங்கே போனாலும் மனைவி, பிள்ளை, வயதான தாய், சில வேளை விதவைத் தங்கை என்று எல்லோரும் பின்னால் போனார்கள். சிப்பாய்ப் போரின் வரலாற்றை எழுதிய ஜான் வில்லியம் கே இந்த வேறுபாட்டைத் தனியாக எடுத்துப் பேசுகிறார்; சென்னைப் படையில் எழுந்த மனக்கசப்புகள் பலவற்றை இதை வைத்தே விளக்குகிறார். அதே காலத்துப் பிரிட்டிஷ் ரெஜிமெண்டுகளோடு ஒப்பிட்டால் இந்த வழக்கத்தின் தனித்தன்மை இன்னும் நன்றாக விளங்கும். அங்கே கல்யாணம் செய்துகொள்ளவே மேலதிகாரியின் அனுமதி வேண்டும். அனுமதி பெற்றவர்களிலும் நூறு பேருக்கு ஆறு முதல் பன்னிரண்டு மனைவியர் வரைதான் கப்பலேறலாம். யார் போவது, யார் தங்குவது என்று சீட்டுக் குலுக்கிப் பார்ப்பார்கள். சீட்டு விழாதவள் கைக்குழந்தையோடு கரையில் நிற்க வேண்டியதுதான். சென்னைச் சிப்பாயின் மனைவிக்குச் சீட்டும் இல்லை, கணக்கும் இல்லை. வரலாம், ஆனால் வருகிற செலவு அவளுடையது.

அந்தச் செலவைப் பற்றித்தான் நின்று யோசிக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் சென்னைக் காலாட்படைச் சிப்பாயின் மாதச் சம்பளம் 7 ரூபாய். அது 9 ரூபாயாக உயர்ந்தது 1895-இல்தான். தங்குவதற்குச் சர்க்கார் கட்டிடம் கிடையாது. குடிசை போட ஒரு சிறு தொகை கிடைக்கும். மண் குழைப்பதும் கூரை வேய்வதும் குடும்பத்தின் பாடு. பட்டாளம் இடம் மாறினால் அந்தக் குடிசையை விட்டுவிட்டுப் புதிய ஊரில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சென்னையிலிருந்து நாக்பூர் அருகிலுள்ள காம்ப்டிப் பாசறைக்கு ஒரு பட்டாளம் மாற்றப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம். ஒரு நாள் நடை பத்துப் பன்னிரண்டு மைல். இடையில் ஓய்வு நாட்கள், ஆறு வற்றும்வரை காத்திருப்பு எல்லாம் சேர்த்தால் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். சிப்பாய்க்குத் துப்பாக்கியும் மூட்டையும். மற்றதெல்லாம் வீட்டுக்காரியின் பொறுப்பு. வாடகை மாடோ வண்டியில் ஒரு பங்கோ பிடிக்க வேண்டும். விடிவதற்கு முன்னே பட்டாளம் கிளம்பிவிடும், அதற்கு முன்னே கஞ்சி ஆக வேண்டும். மாலையில் புதிய கூடாரத்தடியில் தண்ணீரும் விறகும் தேட வேண்டும். வழியில் பிறந்த பிள்ளைகளும் வழியிலேயே புதைக்கப்பட்டவர்களும் எத்தனை பேர் என்று எந்த ஆணையும் சொல்லாது. ஆனால் இத்தனை ஆயிரம் குடும்பங்கள் இத்தனை தூரம் நடந்தபோது இரண்டும் நடக்காமல் இருந்திருக்க வழியில்லை.

இந்த ஏற்பாட்டால் லாபம் அடைந்தது யார்? கும்பினிதான். சமையலுக்கு ஆள் வைக்க வேண்டாம், நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாம், ஆள் சேர்க்க ஊர் ஊராக அலையவும் வேண்டாம். கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். சென்னைப் படையில் ‘ரெக்ரூட் பையன்’ என்று ஒரு வகை இருந்தது. சிப்பாயின் மகன் சிறு வயதிலேயே குறைந்த சம்பளத்தில் பட்டாளக் கணக்கில் சேர்க்கப்படுவான். வளர்ந்ததும் முழுச் சிப்பாய் ஆவான். பணியில் இறந்தவர்களின் பிள்ளைகளுக்கு ‘பென்ஷன் பையன்’ என்று இன்னொரு வகை. இவை கருணையால் வந்தவை என்று அதிகாரிகள் எழுதினார்கள். கருணை ஓரளவு இருந்திருக்கலாம். ஆனால் லைனில் பிறந்து, லைனில் தவழ்ந்து, பறையொலி கேட்டே வளர்ந்த ஒரு பையனை எந்தச் செலவும் இல்லாமல் பதினைந்து வருடம் வளர்த்துப் படைக்குக் கொடுத்தவள் அவன் தாய். ஒரு ரெஜிமெண்டில் பாட்டன், மகன், பேரன் என்று மூன்று தலைமுறை சேவித்ததைப் பெருமையாகச் சொல்லும்போது அந்த மூன்று தலைமுறைக்கு நடுவில் இருந்த இரண்டு தாய்மார்களைச் சேர்த்துச் சொல்லாமல் விட்டால் அந்த வரலாறு பாதிதான்.

இதற்கு வரக்கூடிய முதல் மறுப்பு, படை அதிகாரிகளே சொன்னது: குடும்பம் பட்டாளத்துக்குச் சுமை, நடையை மந்தமாக்கியது, வெளியூருக்கு அனுப்ப முடியாமல் கையைக் கட்டியது. சுமை என்பதில் உண்மை இருக்கிறது. ஆனால் சுமையாகத் தோன்றிய இடங்களையே உற்றுப் பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. 1824-இல் முதல் பர்மியப் போருக்குச் சென்னைப் பட்டாளங்கள் ஆயிரக்கணக்கில் கடல் தாண்டி ரங்கூன் போயின. அதே ஆண்டு வங்காளத்தில் பாரக்பூரில் ஒரு பட்டாலியன் பர்மா போக மறுத்தது; அதன் சிப்பாய்கள் சுட்டு வீழ்த்தப்பட்டார்கள். சென்னைச் சிப்பாய் கப்பலேறியதற்கு ஒரு காரணம் சாதித் தடை அவ்வளவு இறுக்கமாக இல்லாதது என்பார்கள், சரிதான். இன்னொரு காரணம், சம்பளத்தில் ஒரு பகுதியை வீட்டுக்கு எழுதிக்கொடுத்துவிட்டுப் போகும் ஏற்பாடு. லைனில் தங்கிய மனைவி மாதாமாதம் அதை வாங்கிக் குடும்பத்தை ஓட்டுவாள் என்ற உறுதி இருந்ததால்தான் அவன் போனான். அந்த உறுதி உடைந்தபோது என்ன நடந்தது என்பதற்கும் சான்று இருக்கிறது.

1843-இல் சிந்து பிடிக்கப்பட்டதும் அங்கே காவலுக்குப் போகப் பட்டாளங்கள் தேவைப்பட்டன. சென்னை ஆளுநராகவும் படைத்தலைவராகவும் இருந்த ட்வீடேல் பிரபு 47-ஆம் சென்னைக் காலாட்படைக்குக் கூடுதல் படி உண்டு என்று வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கை நம்பி, அதற்கேற்ற தொகையை வீட்டுக்கு ஒதுக்கிவிட்டுச் சிப்பாய்கள் கப்பலேறினார்கள். பம்பாயில் இறங்கியபோது மேலரசு அந்தப் படியை ஒப்புக்கொள்ளவில்லை என்று தெரிந்தது. வீட்டுக்கு எழுதிக்கொடுத்தது போக அவர்கள் கையில் நிற்பது சொற்பம். அணிவகுப்பில் முறை மீறி எழுந்தார்கள். ஏறத்தாழ அதே காலத்தில் 6-ஆம் சென்னைக் குதிரைப்படையும் பணி செய்ய மறுத்தது. தெற்கிலிருந்து காம்ப்டி வரை குடும்பங்களோடு வந்தவர்கள், ஊர்ப்பக்கம் திரும்பப் போகிறோம் என்று நம்பியிருந்தவர்கள், இன்னும் வடக்கே ஜபல்பூருக்கு அனுப்பப்பட்டார்கள். 1857-இல் வங்காளத்துக்குப் போக ஆணையிடப்பட்ட 8-ஆம் சென்னைக் குதிரைப்படை, சென்னையை நோக்கி வரும் வழியிலேயே நின்று, பழைய சம்பள, ஓய்வூதிய விகிதங்களைத் தந்தால்தான் கப்பலேறுவோம் என்றது, ஆயுதம் பறிக்கப்பட்டது. இந்த நிகழ்ச்சிகளைப் படை வரலாறுகள் ‘ஒழுங்கீனம்’ என்ற தலைப்பில் வைக்கின்றன. அரிசி விலையும் வீட்டு வாடகையும் அறிந்த ஒருத்தியின் மாதக் கணக்கு உடைந்து, அதன் எதிரொலி அணிவகுப்புத் திடலில் கேட்டது என்று நான் இவற்றைப் படிக்கிறேன். சிப்பாய் தன் ஒருவன் வயிற்றுக்காக அந்த ஆபத்தில் இறங்கியிருக்க மாட்டான்.

வேறொரு மறுப்பு இதைவிடக் கடுமையானது. குடும்பத்தை லைனில் வைத்திருந்தது பிணை வைத்துக்கொண்டது போலத்தானே? மனைவி மக்கள் அதிகாரியின் பார்வையில் இருக்கும்போது சிப்பாய் எப்படிக் கலகம் செய்வான்? 1857-இல் சென்னைப் படை பெரும்பாலும் அமைதியாக இருந்ததற்கு இதுவும் காரணமாக இருக்கக் கூடும். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் வேலூர் இதற்கு எதிர்ச்சான்று. அங்கேயும் குடும்பங்கள் பேட்டையில்தான் இருந்தன, சிப்பாய்கள் எழுந்தார்கள். ஏன் எழுந்தார்கள் என்றால், புதிய தலைப்பாகையும், நெற்றிக்குறியும் கடுக்கனும் கூடாது என்ற ஆணையும் அவர்களைத் தங்கள் மக்களிடமிருந்தே பிரித்துவிடும் என்று அஞ்சினார்கள். உறவினர் கூட உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள், பெண் கொடுக்க மாட்டார்கள் என்ற அச்சம் அது. ஊரில் தனியாக இருக்கும் குடும்பத்தை விட, அன்றாடம் முகத்துக்கு நேரே பார்க்கும் குடும்பத்தின் முன்தான் அந்த வெட்கம் அதிகமாகச் சுடும். குடும்பம் சிப்பாயைக் கட்டியும் போட்டது, எழவும் வைத்தது. மனைவியை வெறும் பிணைப்பொருளாகப் பார்ப்பது அதிகாரியின் கண்ணால் பார்ப்பது.

தமிழுக்கு இதெல்லாம் புதிதில்லையே, போருக்குப் பிள்ளையை அனுப்பிய தாயை நாம் இரண்டாயிரம் ஆண்டாகப் பாடி வருகிறோமே என்று கேட்கலாம். புறநானூற்றில் ‘மூதின்முல்லை’ என்று ஒரு துறையே இருக்கிறது. ஒக்கூர் மாசாத்தியாரும் காக்கைபாடினியார் நச்செள்ளையாரும் அப்படிப்பட்ட தாய்மாரைப் பாடியிருக்கிறார்கள். பெண்களே பாடியது என்பது பெரிய செல்வம். ஆனால் அந்தப் பாட்டுகளில் தாய் நிற்பது ஒரு கணத்தில்: அனுப்பும் கணம், அல்லது களத்தில் தேடும் கணம். பட்டாளத்து மனைவியின் வாழ்க்கை முப்பது ஆண்டு. அதில் அனுப்புவது எப்போதோ ஒருமுறை. மற்ற நாளெல்லாம் உலை, கடன், காய்ச்சல், மாற்றல் ஆணை. நடுகல்லும் அப்படித்தான். செங்கம் பகுதியில் ஆநிரை மீட்டு மாண்டவனுக்குக் கல் இருக்கிறது; அவன் விட்டுப்போன வீட்டை ஓட்டியவளுக்குக் கல் இல்லை. பெண்ணுக்குக் கல் நட்டபோது பெரும்பாலும் அவள் கணவனோடு சிதையேறியதற்காக நட்டார்கள். உயிரோடிருந்து பிள்ளைகளை ஆளாக்கியதற்குக் கல் நடும் வழக்கம் நம்மிடம் வளரவில்லை. ஆங்கிலேயர்கள் தங்கள் பெண்களுக்கு இதைச் செய்தார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சென்னைப் புனித மேரி தேவாலய வளாகத்திலுள்ள மிகப் பழைய ஆங்கிலக் கல்லறைக் கல்வெட்டு 1652-இல் கப்பலில் பிள்ளை பெற்று இறந்த எலிசபெத் பேக்கர் என்ற பெண்ணுடையது. 1905-இல் ஜே. ஜே. காட்டன் சென்னை மாகாணக் கல்லறை எழுத்துகளைத் தொகுத்த நூலில் படை அதிகாரிகளின் மனைவியர் பெயரும் வயதும் பக்கம் பக்கமாக வருகின்றன. சிப்பாயின் மனைவிக்குக் கல்வெட்டு வைக்கக் காசும் இல்லை, பல வேளை நிலையான ஊரும் இல்லை.

நாட்டைப் பிடித்துக் கொடுத்த படையைச் சேர்ந்தவர்களை எதற்காகப் போற்ற வேண்டும் என்ற கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். கும்பினிப் படை மைசூரைப் பிடித்தது, பாளையக்காரர்களை ஒடுக்கியது; கட்டபொம்மனையும் மருது சகோதரர்களையும் தூக்கிலிட்ட அதிகாரம் அந்தச் சிப்பாய்களின் தோளில்தான் நின்றது. இதை மறைத்துக்கொண்டு லைன் வாழ்க்கையை அழகுபடுத்தினால் பொய்யாகும். ஆனால் நினைவுகூர்வது வேறு, போற்றுவது வேறு. அதோடு இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். சென்னைப் படையில், முக்கியமாக 1780-இல் தொடங்கிய பயனியர் படையிலும் அதிலிருந்து வளர்ந்த சாப்பர் படையிலும், ஒடுக்கப்பட்ட சாதியினர் பெருமளவில் இருந்தார்கள். ஊரில் தெருவில் செருப்போடு நடக்க முடியாத குடும்பத்துப் பெண்ணுக்கு லைனில் மாதச் சம்பளம் வந்தது, பட்டாள ஆசுபத்திரி இருந்தது, பையன் எழுதப் படிக்கக் கற்கும் இடம் இருந்தது. பம்பாய்ப் படையின் கதை இதற்கு நல்ல துணை. 1891-இல் மவ் பாசறையில் அம்பேத்கரைப் பெற்ற பீமாபாய் ஒரு சுபேதார் மேஜரின் மகள், சுபேதார் ராம்ஜியின் மனைவி. அம்பேத்கர் அவருக்குப் பதினான்காவது பிள்ளை. மகனுக்கு ஐந்து வயது நிரம்பும் காலத்திலேயே தாய் இறந்துவிட்டார். பாசறை வாழ்க்கை தந்த கல்வியால்தான் அந்த வீட்டிலிருந்து அம்பேத்கர் எழுந்தார் என்பதை அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்த வாழ்க்கையில் பதினான்கு முறை கருவுற்ற பெண்ணுக்கு அவர்கள் ஒதுக்குவது ஒன்றிரண்டு பத்திகள்தான்.

1880-களில் இந்த உலகம் குலையத் தொடங்கியது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைத்தலைவராக இருந்த ராபர்ட்ஸ், நீண்ட அமைதிக் காலம் தென்னாட்டுச் சிப்பாயின் போர்க்குணத்தை அழித்துவிட்டது என்று முடிவுகட்டினார். பின் இந்தியப் படை முழுவதற்கும் தலைவரானபோது அந்த முடிவு கொள்கையாயிற்று. சில சென்னைப் பட்டாலியன்கள் கலைக்கப்பட்டன; சில பெயரளவில் சென்னையாக இருந்துகொண்டு பஞ்சாபியராலும் கூர்க்காக்களாலும் நிரப்பப்பட்டன. 1895-இல் மாகாணப் படை என்ற அமைப்பே ஒழிந்தது. சில இனத்தாரே போருக்கு ஏற்றவர்கள் என்ற இந்த ‘வீரமரபு இனம்’ கோட்பாட்டின் அநியாயத்தைப் பற்றி ஆண்களின் வேலையிழப்பாக மட்டுமே எழுதியிருக்கிறார்கள். ஆனால் ரெக்ரூட் பையனாக மகனைச் சேர்க்கலாம் என்று நம்பி வளர்த்த தாய்க்கு அது வாசல் அடைபட்ட நாள். திரும்பிப் போக நிலமுள்ள ஊர் பலருக்குக் கிடையாது. அவர்கள் இருந்த இடத்திலேயே தங்கினார்கள். பெங்களூர்க் கண்டோன்மெண்டின் அல்சூரிலும், செகந்திராபாத்தின் திருமலகிரி, பொலாரம் பகுதிகளிலும், மராத்தியும் இந்தியும் சூழ்ந்த காம்ப்டியிலும் இன்று தமிழ் பேசும் குடும்பங்கள் இருப்பதற்குப் பட்டாளமும் அதைச் சுற்றி வளர்ந்த கடைகண்ணிகளும் முக்கியக் காரணம். பட்டாளம் போன பிறகும் அந்த ஊர்களில் தமிழ் நிலைத்ததற்கு வீட்டுக்குள் பிள்ளைகளோடு தமிழ் பேசிய தாய்மார் காரணம். மாரியம்மன் கோயில் திருவிழாவும் பொங்கலும் அங்கே தொடர்ந்ததற்கும் அவர்களே.

இந்த வரலாற்றை எழுத முடியாது, சான்று இல்லை என்று கைவிரிப்பது இன்னும் வழக்கமாக இருக்கிறது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கும்பினி காலத்து இராணுவத் துறை நடவடிக்கைப் பதிவுகள் இருக்கின்றன. விதவைகளின் மனுக்களும், ஓய்வூதியம் கேட்ட வாரிசுகளின் விண்ணப்பங்களும் இத்தகைய பதிவுகளுக்குள்தான் கலந்து கிடக்கும். பெங்களூரிலும் செகந்திராபாத்திலும் பாசறைத் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளில் கிறித்தவச் சிப்பாய்க் குடும்பத்துப் பெண்களின் பெயர் தேடக்கூடியது. வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் உள்ள ஊர்களில் மூத்த பெண்கள் கணவரின் பென்ஷன் புத்தகத்தையும் பழைய மணியார்டர் ரசீதுகளையும் பெட்டியில் வைத்திருப்பார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்வதற்குப் பெரிய நிதியோ நிறுவனமோ தேவையில்லை. ஆண்களிடம் எந்தப் போரில் இருந்தீர்கள் என்று கேட்கிறோம். இந்தப் பெண்களிடம் கேட்க வேண்டியது வேறு: எத்தனை ஊர் மாறினீர்கள், எந்தப் பிள்ளை எங்கே பிறந்தது, கணவர் எல்லையில் இருந்தபோது மாதச் செலவை எப்படிச் சமாளித்தீர்கள், யாரிடம் கடன் வாங்கினீர்கள், எப்போது அடைத்தீர்கள்.